குற்றவாளி சொன்ன கதையும் அதைக் கேட்ட துறைகளும்: 'தி ஜாக்-ரோலர்' நூலை முன்வைத்து ஒரு மதிப்பீடு

சமூகவியல், சமூகப்பணி, குற்றவியல் நீதி ஆகிய மூன்றையும் இணைத்துக் கற்பிக்கும் முறை அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் நிலவுகின்றது. இவ்விணைப்பு நிருவாக வசதிக்காக மட்டும் நேர்ந்ததன்று. சிக்காகோ நகரில் 1889ஆம் ஆண்டு ஜேன் ஆடம்ஸும் எல்லன் கேட்ஸ் ஸ்டாரும் ஹல் ஹவுஸ் என்னும் சமூகப்பணி இல்லத்தைத் தொடங்கினர். 1892இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை உருப்பெற்றது. 1899இல் அமெரிக்காவின் முதல் சிறார் நீதிமன்றம் அந்நகரை உள்ளடக்கிய குக் மாவட்டத்தில் அமைந்தது. பத்தாண்டு எல்லைக்குள் ஒரே நகரில் தோன்றிய இம்மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன.

அவ்வளர்ச்சியின் பயனாக எழுந்த நூல்களுள் ஒன்று, கிளிஃபர்ட் ஷா 1930இல் வெளியிட்ட 'தி ஜாக்-ரோலர்'. இந்நூலைத் தமிழாசிரியர் ஏன் படித்தல் வேண்டும், எவ்விடத்தில் ஐயுறல் வேண்டும் என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூலின் இயல்பு

குடித்து மயங்கியோரிடம் பணம் பறிப்பவனைக் குறிக்கும் சிக்காகோ தெருவழக்கே நூலின் பெயராகும். ஸ்டேன்லி என்னும் புனைபெயருடைய இளைஞன் தன் கதையைத் தானே கூறுகின்றான். போலந்துக் குடியேறிகளின் மகன். கால்நடைச் சந்தைக்குப் பின்புறமுள்ள குடியிருப்பில் வளர்ந்தவன். நான்கு வயதில் தாயை இழந்தவன். மாற்றாந்தாயின் கொடுமைக்கு அஞ்சி வீட்டைவிட்டு ஓடுகின்றான். தெரு, சீர்திருத்தப் பள்ளி, சிறை என அவன் இளமை கழிகின்றது.

நன்னடத்தை அதிகாரியாகப் பணியாற்றிய ஷா, முதலில் ஸ்டேன்லி கைதான நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தினார். அவற்றை விரித்தெழுதுமாறு அவனையே பணித்தார். சுருக்கமாக இருந்த முதற்படியை மேலும் விரிக்கச் செய்தார். அவன் கூற்றோடு அலுவலகப் பதிவுகளும் நூலில் தரப்பட்டுள்ளன. இந்நூலின் தலையாய சிறப்பு இதுவே எனலாம். பதிவேடு 'வீட்டைவிட்டு ஓடினான்' என்னும் அளவில் நின்றுவிடுகின்றது. அவனோ எதற்கு அஞ்சி ஓடினான் என்பதைச் சொல்கின்றான். நீதிமன்றம் முதலாவதைக் கொண்டு தீர்ப்பளிக்கலாம். சமூகப்பணியாளர்க்கு இரண்டாவது இன்றியமையாதது.

கதையின் குறைகள்

எனினும், இக்கதையை முழுவதும் ஸ்டேன்லியின் குரலாகக் கொள்வதற்கில்லை. எதைச் சொல்ல வேண்டும் என்பதைக் கைது வரிசையே பெரிதும் வரையறுத்துவிட்டது. கைதாகாத நாள்களில் அவன் என்ன செய்தான் என்பது பின்னிடம் பெறுகின்றது. மாற்றாந்தாய் தன் கதையைத் தானே கூற இந்நூலில் இடமில்லை. பணத்தைப் பறிகொடுத்தோர் பெயரற்றவராகவே மறைகின்றனர். தன்னை நியாயப்படுத்தும் போக்கு ஸ்டேன்லியிடம் மிகுதி என்பதை ஷாவும், நூலுக்கு விளக்கவுரை எழுதிய எர்னஸ்ட் பர்ஜெஸும் உணர்ந்தே இருந்தனர்.

நூலின் முடிவு மேலும் சிக்கலானது. ஷா அவனை வேறொரு வட்டாரத்தில் குடியமர்த்தி, விற்பனைத் தொழிலில் சேர்ப்பிக்கின்றார். ஐந்தாண்டுகளுக்கு மேலாக அவன் குற்றம் புரியவில்லை எனக் கூறி நூல் நிறைவுறுகின்றது. ஆனால் 1982இல் ஜான் ஸ்னாட்கிராஸ் வெளியிட்ட 'தி ஜாக்-ரோலர் அட் செவன்ட்டி' வேறொரு தொடர்ச்சியைக் காட்டுகின்றது. ஸ்டேன்லி பின்னர்க் கொள்ளை முயற்சிக்காக மீண்டும் சிறை சென்றான். மனநல மருத்துவமனையிலும் அடைக்கப்பட்டான். எனினும் குற்றமே தொழிலாகக் கொண்டவனாக அவன் முதுமை எய்தவில்லை. எனவே ஷாவின் முயற்சியை முழு வெற்றி என்பதும் முழுத் தோல்வி என்பதும் பிழையாகும். முதல் நூலை மட்டும் பாடமாக வைக்கும் கல்லூரி, மாணவர்க்குப் பாதி உண்மையையே தருகின்றது.

பிறப்பா, இடமா?

ஷாவும் ஹென்றி மெக்கேயும் 1942இல் வெளியிட்ட ஆய்வு, ஸ்டேன்லியின் கதைக்குப் பின்னணியாக அமைகின்றது. சிக்காகோவின் சில வட்டாரங்களில் ஜெர்மானியர், ஐரிஷ்காரர், போலந்தினர், இத்தாலியர் என மக்கள் மாறிக்கொண்டே இருந்தனர். ஆயினும் அங்குச் சிறார் குற்றம் மிகுந்தே இருந்தது. வெளியேறிய இனத்தாரிடையே அது குறைந்தது. ஆகவே குற்றத்திற்குக் காரணம் இனமன்று, வாழிடச் சூழலே என அவர்கள் முடிவுகண்டனர்.

இம்முடிவின் பெருமையைத் தமிழர் வரலாற்றோடு வைத்து நோக்கினால் தெளிவாக உணரலாம். பிரித்தானிய அரசு 1871இல் குற்றப்பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்தையும் உட்படுத்தியது. பிறந்த குலமே குற்றத்திற்குச் சான்றாயிற்று. அதனை எதிர்த்த பிரமலைக் கள்ளர் பலர் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூட்டிற்குப் பலியாயினர். சென்னை மாகாணத்தில் 1947வரை இச்சட்டம் நீடித்தது. ஸ்டேன்லி தன் கதையை எழுதிய காலத்தில், கைரேகை பதிக்கப்பட்ட மதுரை வட்டார இளைஞனிடம் எந்த அதிகாரியும் 'உன் கதையைச் சொல்' எனக் கேட்டு நூலாக்கவில்லை.

நம் வகுப்பறைக்கு

2013 ஆகஸ்டு மாதம் மலேசிய உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. அப்போது வெளிவந்த இனவாரி எண்ணிக்கை, உறுப்பினருள் பெரும்பாலோர் இந்தியர் எனக் காட்டியது. எண்ணிக்கை 'யார்' என்பதற்கே விடை கூறும். 'ஏன்' என்பதற்குக் கூறாது. இவ்விளைஞர் எங்கு வாழ்கின்றனர், எங்கிருந்து அங்கு வந்தனர், அவர்க்கு முன்னர் அங்கு வாழ்ந்தோர் நிலை யாது என்பனவே ஷா வழியில் நாம் கேட்க வேண்டிய வினாக்கள்.

அதே வேளையில், சிக்காகோவின் விடையை அப்படியே இங்குக் கொணர்தல் கூடாது. அயற்கருத்துகளை ஆராயாது ஏற்பதைச் 'சிறைப்பட்ட மனம்' எனச் சையத் உசேன் அலாத்தாஸ் 1970களிலேயே எச்சரித்தார். வட்டாரம் சீர்கெட்டது என்று கூறிய ஷா, அதைச் சீர்கெடுத்த தொழில், வணிக நலன்களைப் போதிய அளவு ஆராயவில்லை என்னும் ஸ்னாட்கிராஸின் குற்றச்சாட்டும் ஏற்கத்தக்கதே. தோட்டம் விற்கப்பட்டு நகர்ப்புறம் பெயர்ந்த குடும்பங்களைப் பற்றிப் பேசும்போது, விற்றவர் யார் என்பதையும் சேர்த்தே நாம் வினவுதல் வேண்டும்.

பள்ளியில் ஒரு மாணவனைப் பற்றி ஆசிரியர் எழுதும் இரண்டு வரிக் குறிப்பும் ஒரு பதிவேடுதான். நாளை அதிகாரி ஒருவர் அவனை அறிவதற்கு முன் அக்குறிப்பைப் படிக்கக்கூடும். அக்குறிப்பை எழுதுமுன் அவன் கதையைக் கேட்பதும், கேட்ட கதையை ஐயத்தோடும் பரிவோடும் படிப்பதும் ஆசிரியர் கடமையாகும். மொழியையும் கதையையும் படிக்கப் பயின்ற தமிழாசிரியர்க்கு இப்பணி அயலானதன்று.