ஏடுகளில் மறைந்த உழவன்
மாதோட்டத்து மூதாதையரைத் தேடுவோர்க்குக் கிடைக்கும் சான்றுகள் குறித்து ஒரு நோக்கு

ஈழத்து வரலாற்று நூல்களில் மன்னார் இடம்பெறுவது பெரும்பாலும் கடலாலேயாகும். முத்துக்குளிப்பு, சங்கு, மாதோட்டத் துறைமுகம், கோட்டை, தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே ஓடிய கப்பல் ஆகியனவே அந்நூல்களின் மன்னார். திருக்கேதீச்சரத்தைப் பாடிய நாயன்மார் காலத்திலிருந்தே மாதோட்டம் கடல்சார்ந்த ஊராகவே இலக்கியத்தில் நிலைபெற்றுவிட்டது. தீவிற்கு அப்பால் மாந்தை, நானாட்டான், முருங்கன், முசலி எனப் பரந்து கிடக்கும் பெருநிலம் குளத்தை நம்பி நெல் விளைத்த நிலம் என்பதும், மாவட்டத்தின் குடிகளுள் பெரும் பகுதியினர் ஏர்பிடித்தவர்கள் என்பதும் அடிக்குறிப்புகளாகவே எஞ்சின. இந்நிலையில், அப்பெருநிலத்திலே பிறந்த ஒருவர் தம் பாட்டனின் பாட்டன் யார், எந்தக் குளத்தின் கீழ் எந்த வயலை உழுதார் என்று அறிய முற்பட்டால், எவ்வேடுகள் அவருக்கு விடைதரும்? அவ்விடைகள் எத்துணை நம்பத்தக்கன?

இவ்வினாக்களை வெறும் குலப்பெருமை தேடும் முயற்சியெனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. குலப்பெருமை தேடும் நூல்களுக்கு நம்மிடையே குறைவில்லை. ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளின்படி மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை, சோழ பாண்டிய நாடுகளிலிருந்து வந்து குடியேறிய தலைவர்களின் பெயர்களையும் அவர்கள் அமர்ந்த ஊர்களையும் நிரல்படக் கூறுகின்றது. அத்தலைவர்களின் நிலத்தில் இறங்கி உழுதவர்களுக்கு அங்கே பெயரில்லை. தம் மூதாதை இப்பட்டியலில் உள்ள ஒரு பிரபுவே என்று நிறுவ முனைவோர் தம் மூதாதையைத் தேடவில்லை; தமக்கு வேண்டிய மூதாதையைத் தெரிந்தெடுக்கின்றனர். உழவனைத் தேடுபவர் வைபவமாலைகளை மூடிவைத்துவிட்டு, அவனைப் பற்றி எழுதுகின்றோம் என்ற எண்ணமேயின்றி எழுதப்பட்ட ஏடுகளை நாடவேண்டியவராகின்றார்.

அவ்வகை ஏடுகளுள் ஒல்லாந்தர் காலத் தோம்புகள் பலராலும் முதலிற் சுட்டப்படுவன. ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். நிலத்தோம்பு காணியையும் மரங்களையும் அவற்றின்மேலுள்ள கடமையையும் பதிந்தது. தலைத்தோம்பு குடும்பத்து ஆட்களைப் பதிந்தது. கொழும்புப் பகுதிக்கு 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் எழுதப்பட்ட தோம்புகளைக் கொண்டு அண்மைக்கால ஆய்வாளர்கள் அங்குள்ள விவசாயக் குடும்பங்களின் அமைப்பையே மீட்டுரைத்துள்ளனர். மன்னார்ப் பெருநிலம் பற்றி ஒல்லாந்தர் எழுதியவற்றுள் எளிதிற் கிட்டுவனவோ, பதவி நீங்கும் அதிகாரி தமக்குப்பின் வருபவருக்கென விட்டுச்சென்ற அறிவுரைக் குறிப்புகளே. யாழ்ப்பாணத்துக் கொம்மாந்தோர் ஹென்றிக் ஸ்வார்டெகுரூன் 1697இல் எழுதிய குறிப்பு இவ்வகையில் பெயர்பெற்றது. 1911இல் ஆங்கிலத்தில் அச்சாகியது. யானை, சாயவேர், முத்து, நெல் எனக் கும்பனிக்கு வரவு தருவன யாவும் இவ்வகைக் குறிப்புகளின் கண்ணிற் படும். நெல்லை விளைத்தவன் 'குடிகள்' என்ற பன்மைக்குள் கரைந்துவிடுவான்.

தனியொரு மனிதனாக அவன் தலைகாட்டுமிடம் கோவிற் பதிவேடு. மன்னார்ப் பகுதியில் கத்தோலிக்கம் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே வேரூன்றியது. 1544இல் சங்கிலி மன்னனின் ஆணையால் மன்னாரில் மதம் மாறியோர் கொல்லப்பட்டமை யாவரும் அறிந்தது. திரெந்து பொதுச்சங்கம் 1563இல் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிவுசெய்தலைப் பங்குக் குருவின் கடமையாக்கியது. ஆகவே கத்தோலிக்கக் குடும்பமாயின் பிறப்பு, மணம், இறப்பு என்னும் மூன்றிடத்தும் ஒருவன் பெயர் எழுதப்பட வேண்டும் என்பது விதி. விதிக்கும் நடப்புக்குமிடையே ஒல்லாந்தர் ஆட்சி வந்து நின்றது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்ட அக்காலத்தில் குடிகள் தம் மக்களுக்குச் சட்டமுறையான வாரிசுரிமை கிடைக்கவேண்டிச் சீர்திருத்த சபையின் பதிவேட்டில் பெயரைக் கொடுத்தனர். 1687இல் மாறுவேடம் பூண்டு இத்தீவிற்கு வந்த யோசே வாஸ் அடிகளும் அவர்பின் வந்த கோவைக் குருமாரும் மறைவில் நிகழ்த்திய வழிபாட்டிலும் பங்குகொண்டனர். ஒரே உழவன் ஓர் ஏட்டில் சீர்திருத்தக் கிறிஸ்தவன், ஊரறியக் கத்தோலிக்கன். அவன் அரசுக்குக் கொடுத்த பெயரை அவன் நெஞ்சத்தின் சான்றாகக் கொள்பவர் ஏமாறுவார்.

பெயர்களில் வேறொரு சிக்கலும் உண்டு. தேடுவோர் பெரிதும் இடர்ப்படுவது இதிலேதான். பெதுரு, பேதுரு, இராயப்பு என்பன ஒரே புனிதரின் பெயர்கள்; இலத்தீனில் எழுதிய குரு அதனைப் பெத்ருஸ் என்றே பதிவார். சந்தியோகு, யாகப்பர் என்பனவும், அருளப்பு, யுவானி என்பனவும், சூசை, யோசேப்பு என்பனவும் அவ்வாறே. எழுதியவர் கோவைக் குருவா, 1847இற்குப்பின் வந்த பிரெஞ்சு அமலமரித் தியாகிகள் சபைக் குருவா என்பதைப் பொறுத்தும் எழுத்துக்கூட்டல் மாறும். ஊரில் இராயப்பு என அழைக்கப்பட்டவன் கோவிலிற் பெத்ருஸாகவும், நீதிமன்றில் ஆங்கிலம் கற்ற எழுதுவினைஞனின் பேனாவிற் பீற்றராகவும் நிற்கையில், மூவரும் ஒருவரே என்று துணிவதற்கு என்ன வழி? பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கு இக்குழப்பத்தை மேலும் பெருக்கிவிடுகின்றது. பதிவேட்டின் ஓரத்தில் எழுதப்பட்ட ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்களே இங்குக் கைகொடுப்பன. தலைதொட்டவர்கள் பெரும்பாலும் உறவினராகவோ அயல்வயற்காரராகவோ இருப்பராதலின், ஒரே பெயருடைய இருவரை அவரவர் சுற்றத்தைக் கொண்டு பிரித்தறியலாம். தலைப்பெயரைவிடத் துணைப்பெயர்கள் கூடுதலாகப் பேசும் என்பது இவ்வேட்டைப் படிக்கும் கலையின் முதற்பாடம் எனலாம். சைவ, முஸ்லிம் உழவர் குடும்பங்களுக்கு இவ்வழி இல்லை. அவர்களுக்கு 1867ஆம் ஆண்டின் பிறப்பிறப்புப் பதிவுச் சட்டத்தின் பின்னரே அரசேட்டில் இடங்கிடைக்கின்றது.

பிரித்தானியர் 1795இல் மன்னாரைக் கைப்பற்றினர். அதன்பின் ஏடுகள் பெருகின, உழவன் பெருகினானில்லை. சைமன் காசிச்செட்டி 1834இல் வெளியிட்ட இலங்கை அகராதி ஊர்களை விவரிக்கின்றது. மன்னாரில் உதவி அரசாங்க அதிபராயிருந்த டபிள்யூ. ஜே. எஸ். போக் 1888இல் வெளியிட்ட மன்னார் பற்றிய தனிநூல், மாவட்டத்தை ஆளவிருப்பவருக்கு எவை வேண்டுமோ அவற்றைத் திறம்படத் தொகுத்துத் தருவது. அந்நூலின் பயனை மறுப்பதற்கில்லை. இன்றும் மன்னார் பற்றி எழுதுவோர் அதனைத் தொடாமற் செல்வது அரிது. எனினும் அதன் நோக்குநிலை குதிரைமேலிருந்து பார்ப்பவனுடையது. சுற்றுலா செல்லும் அதிகாரிக்குக் குளக்கட்டு தெரியும். கட்டில் மண்போட்டவர்கள் தொகையாகத் தெரிவர். ஜே. பி. லூயிஸ் 1895இல் எழுதிய வன்னி மாவட்டங்களின் கைந்நூல் வவுனியா, முல்லைத்தீவு பற்றியதாயினும், அயலிலுள்ள மாந்தை உழவனின் காணிமுறையையும் பயிர்முறையையும் விளங்கிக்கொள்வதற்கு அதுவே சிறந்த துணை.

இவற்றினும் உழவனை நெருங்கி நின்ற ஏடு வரியேடாகும். நெல்வரி 1878ஆம் ஆண்டுக் கட்டளைச்சட்டத்தின்கீழ் வயல்தோறும் மதிப்பிடப்பட்டது. மழை பொய்த்தாலும் மதிப்பிட்ட வரியைக் கட்டவேண்டிய நிலை பல மாகாணங்களில் நிலத்தை ஏலத்தில் இழக்கச் செய்தது. கடுங் கண்டனங்களின் பின் அவ்வரி 1892இல் நீக்கப்பட்டது. வரி நீங்கியது உழவனுக்கு நன்மை. ஆனால் அத்துடன் வயல்வாரியாக அவனைப் பதிந்துவந்த ஏடும் நின்றுபோயிற்று! வருத்தியவரே வரலாற்றையும் எழுதிவைத்தனர் என்பது கசப்பான உண்மை.

இவ்வேடுகளின் அளவைகளைப் புரிந்துகொள்வதற்கும் பயிற்சி வேண்டும். வடபுலத்து உறுதிகளில் நிலம் விதைப்பாட்டினால் அளக்கப்பட்டது. நெற்செய்கைக்குரிய இலாச்சம் வேறு, வரகுச் செய்கைக்குரிய இலாச்சம் வேறு. 'முதுசொம்' என்ற ஒரு சொல் நிலம் தந்தை வழியில் வந்தது என்பதையும், 'சீதனம்' என்பது பெண்ணோடு வந்தது என்பதையும், 'தேடிய தேட்டம்' என்பது தம்பதியர் உழைப்பில் வந்தது என்பதையும் உணர்த்தும். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமை இச்சொற்களைச் சட்டமாக்கியது. மூதாட்டியைத் தேடுவோர்க்குச் சீதன உறுதியே பெரும்பாலும் ஒரே ஏடு. நாற்று நட்டவளும் அரிவி வெட்டியவளும் சூடு மிதிக்கையில் களத்தில் நின்றவளும் அவளே. தொழில் என்ற நிரலில் அவளுக்கு ஒன்றும் எழுதப்படுவதில்லை. நிலத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டபோது மட்டும் அவள் பெயர் நொத்தாரிசின் மைக்குள் வந்தது.

எழுத்தாவணங்கள் இவ்வளவே எனில் இடப்பெயர்களையும் ஏடாகக் கொள்ளவேண்டியுள்ளது. அகத்திமுறிப்பு என்ற பெயரின் 'முறிப்பு', கட்டு முறிந்த குளம் ஒன்றின் நினைவு. பெருவெள்ளம் ஒன்றில் நீரையும் விளைவையும் இழந்து இடம்பெயர்ந்த குடிகளின் வரலாறு அச்சொல்லில் உறைந்து கிடக்கின்றது. அருவியாற்று நீரைத் தேக்கம் அணைக்கட்டின் வழியே பெறும் கட்டுக்கரைக்குளம் நெடுங்காலம் பாழ்பட்டுக் கிடந்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளிலே புனரமைக்கப்பட்டது. அதற்கு முன்னர் ஒரு சிறு குளத்தின் பெயரால் அறியப்பட்ட வயல் பின்னர் ஒரு வாய்க்காலின் பெயரால் அறியப்படுதல் இயல்பு. ஏட்டில் வயலின் பெயர் மாறியமை கண்டு குடும்பம் இடம்பெயர்ந்தது என முடிவுகட்டுதல் பிழையாகும், பெயர்ந்தது நீரே.

வாய்மொழி மரபையும் இங்கு நோக்கவேண்டும். மன்னார் நாட்டுப்புறப் பாடல்களும் நாடகங்களும் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியால் அச்சேறின. என்றீக் எம்பரதோர் நாடகம் 1964இலும் மூவிராசாக்கள் நாடகம் 1966இலும் வெளிவந்தன. இவற்றை இலக்கியமாகவும் அரங்காகவும் மட்டுமே நோக்கும் வழக்கம் நிலவுகின்றது. ஏட்டுச்சுவடிகளின் இறுதியில் படியெடுத்தவன் தன் பெயரையும் ஊரையும் நாளையும் பொறிப்பது தமிழ் மரபு. அரசேட்டில் கைநாட்டாக நின்ற குடியினன் ஊர்க்கொட்டகையில் எம்பரதோராக முடிசூடி நின்றிருக்கக்கூடும். அவ்விரு நிலைகளையும் ஒருசேர நோக்காத வாழ்க்கை வரலாறு அரைகுறையானதே.

பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலேன் கோர்பேன் 1998இல் இத்தகைய முயற்சியொன்றைச் செய்துகாட்டினார். ஆவணக்காப்பகத்திற் குருட்டாம்போக்கில் தெரிந்தெடுத்த பெயருக்குரிய லூயி பிரான்சுவா பினகோ என்ற மரக்காலணி செய்பவரின் (1798–1876) உலகை, அவரைச் சூழ்ந்த காடு, விலை, போர், ஒலி என்பனவற்றைக் கொண்டு கட்டியெழுப்பினார். பினகோ தம்மைப்பற்றி ஒரு வரியும் எழுதிவைத்தவரல்லர். இம்முறை மன்னாருக்கும் பொருந்தும்: 19ஆம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்த பாதை இவ்வுழவனின் வயலருகே சென்றது, அவர்களோடு வந்த வாந்திபேதி அவன் ஊருக்குள்ளும் புகுந்தது. ஏட்டில் அவன் பிள்ளையின் இறப்பு ஒரு வரியாயின், அப்பாதையே அவ்வரியின் உரை. ஆயினும் கோர்பேனின் முறையை அப்படியே இறக்குமதி செய்தல் இயலாது. ஓர் ஏட்டிற் காணாததை இன்னோர் ஏட்டில் தேடலாம் என்ற வசதி அவருக்கிருந்தது. ஏடே இடம்பெயர்ந்து, எரிந்து, நனைந்து போன நாட்டில் 'சூழலைக் கொண்டு நிரப்புதல்' என்பது கற்பனைக்கு மிக எளிதில் வழிவிட்டுவிடும்.

மேலும், கோர்பேனின் தேட்டத்தில் எவருடைய வாழிடமும் தங்கியிருக்கவில்லை. மன்னாரில் நிலைமை வேறு. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டம், காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும் மறுதலையாக நிறுவப்படும்வரை அரசுக்குரியன என ஊகித்தது. ஒருபோகம் விதைத்து மறுபோகம் ஆறவிடும் உழவனின் நிலம், அதிகாரி சுற்றுலா வந்த மாதத்தைப் பொறுத்து வயலாகவோ காடாகவோ எழுதப்பட்டது. முசலிப் பகுதி முஸ்லிம்கள் 1990 ஒக்டோபரில் வடக்கின் ஏனைய முஸ்லிம்களுடன் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர்; முள்ளிக்குளத்து மக்கள் 2007இல் இராணுவ நடவடிக்கையின்போது வெளியேற, அவ்வூரில் கடற்படை முகாம் எழுந்தது. ஆட்களின்றிக் கிடந்த ஆண்டுகளில் நிலத்தில் மரம் வளர்ந்தது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி சார்ந்த நிலப்பரப்புகள் 2017இல் பாதுகாக்கப்பட்ட வனமாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது, திரும்பி வந்தோர் தம் பாட்டனார் உழுத நிலமென்று கூறினர். போர்க்காலத்தில் நிலத்தைப் பிறர் ஆண்டமையால் உரிமையிழந்தோருக்கு 1983 மே முதல் 2009 மே வரையான காலத்தைக் கணக்கிலெடாதிருக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. எனினும் வழக்காட வருபவர் முதலில் தமக்கோர் உரிமை இருந்ததெனக் காட்டவேண்டும். உறுதியும் உத்தரவுப்பத்திரமும் பெட்டியோடு போனவரிடம் எஞ்சியிருப்பது எது?

முன்னர்க் கூறிய சிதறல்கள் யாவும் இங்குப் புதுப்பொருள் பெறுகின்றன. பங்குக் கோவிலின் ஞானஸ்நான வரியில் ஊர்ப்பெயர், காணிப்பதிவகத்தில் அயற்காணியின் எல்லையாகக் குறிக்கப்பட்ட மூதாதையின் பெயர், பழைய நில அளவைப் படத்தில் சிறு குளமொன்றின் கோடு ஆகியன தனித்தனியே நிலத்தை மீட்டுத்தரா. அயற்காணிக்காரன் உறுதியில் 'வடக்கு: இன்னாரின் வயல்' என்றிருக்கும் எல்லைக்குறிப்பு, தன்னுறுதியை இழந்தவனுக்குக் கிடைக்கும் மிக வலுவான சான்றுகளுள் ஒன்று. ஆனால் அதனைப் பெறுவதற்கு அயலவனின் பெட்டி தப்பியிருக்கவேண்டும். அதனைத் திறந்துகாட்ட அவன் உடன்படவும் வேண்டும். மாந்தையிலும் முசலியிலும் அயற்காணிக்காரர் பலவிடத்து வேறு மதத்தவர்.