இரண்டு ஒக்டோபர் 30கள்

தொண்டைமானாறு என்றால் பலருக்குச் செல்வச்சந்நிதி கோயில்தான் ஞாபகம் வரும். குந்தவை என்ற பெயரில் எழுதிய சடாட்சரதேவியின் ஊரும் அதுதான். அறுபதுகளிலேயே எழுதத் தொடங்கியவர். ஆனால் 'யோகம் இருக்கிறது' தொகுதி வெளிவர 2002 ஆகிவிட்டது.

அதிலுள்ள 'பெயர்வு' கதையை நான் புத்தளத்தில் இருந்துதான் வாசித்தேன். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தது. சரியாக ஐந்து வருடத்துக்கு முன், 1990இல், அதே நாளில் சோனகத் தெருவிலிருந்து எங்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். உண்மையைச் சொன்னால், பொறாமையோடுதான் புத்தகத்தைத் திறந்தேன். அவர்களுடைய பெயர்வுக்கு ஒரு கதை இருக்கு, எங்கட பெயர்வுக்கு?

குந்தவை அந்தப் பொறாமையை நீடிக்க விடவில்லை. அவரிடம் பிரசங்கம் இல்லை, வீர வேஷம் இல்லை. 'வல்லைவெளி'யிலும் அப்படித்தான், சாதாரண சனத்தின் பயமும் களைப்பும்தான் கதை. குறைவாக எழுதினார் என்பதை ஒரு குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கண்டதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாதவர் நிறைய எழுத ஏலாது.

1990 பற்றி நம்மிடம் அறிக்கைகள் இருக்கின்றன, கூட்டங்களில் வாசித்த கட்டுரைகள் இருக்கின்றன. அந்த இரண்டு மணித்தியாலத்தில் அடுப்பில் என்ன வெந்துகொண்டிருந்தது என்று சொல்லும் கதைகள்தான் போதாது. அதைச் சொல்லக்கூடிய பெண்களுக்கு வயசாகிக்கொண்டு போகுது.

உம்மாவுக்கு 'பெயர்வு' வாசித்துக் காட்டினேன். கேட்டு முடிச்சிட்டு, "அவங்களுக்கும் அதே திகதிதானா மகன்?" என்றா.