தகவலாளி இல்லாத ஆய்வு

சமூக ஊடகப் பதிவுகளைத் திரட்டி ஆராய்பவர்களிடம் எழுதியவரின் ஒப்புதல் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: “எல்லாரும் பார்க்கத்தானே போட்டிருக்கிறார்கள்?” இப்போது சட்டமும் அவர்களுக்குத் துணை. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாமே பொதுவில் வெளியிட்ட விவரங்களுக்குப் பொருந்தாது. அதற்குச் சட்டம் காட்டும் உதாரணமே சமூக ஊடகத்தில் கருத்து எழுதும் ஒருவர்தான்.

இந்த ஆய்வுமுறையால் பயன் உண்டு. சினிமா முன்னோட்டங்களுக்கு வந்த யூடியூப் கமெண்டுகளைக் கொண்டு உருவான ‘திராவிடியன்கோட்மிக்ஸ்’ தொகுப்பில், தமிழும் ஆங்கிலமும் கலந்தவை மட்டும் சுமார் 44,000. நாம் கைப்பேசியில் எழுதும் தமிழைக் கணினிக்குப் பழக்க எந்த அகராதியாலும் ஆகாது.

ஆனால் ‘பொதுவில் இருப்பது’ என்ற வாதத்தை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. 2008இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ஒரே ஆண்டில் சேர்ந்த மாணவர்களின் முகநூல் விவரங்களைப் பெயர் நீக்கி வெளியிட்டார்கள். கல்லூரியின் பெயரையும் சொல்லவில்லை. பாடப்பிரிவுகளின் பெயர்களே அதைக் காட்டிக்கொடுத்துவிட்டன. என்னை அதிகம் உறுத்துவது வேறு. விவரம் திரட்டிய உதவியாளர்கள் அதே வளாகத்தவர்கள். வளாகத்தாருக்கு மட்டும் தெரியட்டும் என்று ஒரு மாணவி வைத்திருந்த பக்கமும் அவர்களுக்குத் திறக்கும். 2016இல் துணை தேடும் ‘ஓகேக்யூபிட்’ தளத்தின் ஏறத்தாழ 70,000 பேரின் விவரங்கள், பயனர் பெயரோடும் பாலியல் விருப்பங்களோடும் ஆய்வாளர்களால் வெளியிடப்பட்டன. அடையாளத்தை மறைக்க முயன்றீர்களா என்று கேட்டவர்களுக்கு, எல்லாம் ஏற்கெனவே பொதுவில் இருப்பவைதாம் என்றே பதில் வந்தது.

பெயரை நீக்கிவிட்டோம் என்கிறார்கள். வரியை அப்படியே ஆய்வேட்டில் அச்சிட்டுவிட்டுப் பெயரை நீக்கி என்ன பயன்? அந்த வரியைத் தேடுபொறியில் இட்டால் எழுதியவரின் பக்கம் வந்து நிற்கக்கூடும். பின்னால் அவர் மனம் மாறி அழித்தாலும் ஆய்வேட்டில் அது அழியாது.

நம் நாட்டுப்புறவியல் இப்படி வளரவில்லை. ஒப்பாரி ஊரறிய, தெருவறியப் பாடப்படுவது. அதைவிடப் பொதுவானது எது? ஆனாலும் அதைச் சேகரிக்கப் போனவர்கள் துக்கம் ஆறும்வரை காத்திருந்து, பாட்டியின் எதிரே உட்கார்ந்து கேட்டார்கள். வீட்டுக்குள் பாடினால் ஆகாது என்று அவர் சொன்னால் வெளியே வேறு இடம் தேடிப் போனார்கள். முடியாது என்றால் எழுந்து வந்தார்கள். பாடியவரின் பெயரும் வயதும் ஊரும் ‘தகவலாளி’ என்ற தலைப்பின்கீழ் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் ஏறின. இறந்துபோன கணவனைப் பற்றி நள்ளிரவில் முகநூலில் எழுதுகிறவளும் ஒப்பாரிதான் வைக்கிறாள். அவளைக் கேட்க ஒரு குறுஞ்செய்தி போதும். அதைக்கூட அனுப்பாத ஆய்வாளருக்கு அவள் தகவலாளி அல்ல, வெறும் தரவு. அவளுக்கோ தன் வரி ஆய்வேட்டுக்குப் போனதே தெரியாது.

பல இலட்சம் பேரிடம் எப்படிக் கேட்பது என்கிறார்கள். எண்ணிக்கையை மட்டும் சொல்லும் ஆய்வுக்கு அந்தச் சலுகையைத் தரலாம். மேற்கோளாக வருகிறவர்களோ பத்துப் பேர், இருபது பேர்.

நெறியாளர்களே, ஆய்வேட்டில் கையெழுத்திடும் முன் மேற்கோளாக வந்த ஒவ்வொரு பதிவையும் காட்டி, எழுதியவரைக் கேட்டீர்களா என்று மாணவரை விசாரியுங்கள். கேட்கவில்லை என்றால் அந்த வரியை நீக்கச் சொல்லுங்கள்.