பெயர் தெரியாத பறவை

நம்ம தோட்டப்புறக் கதைகளில் தவறாமல் வந்துவிடும் ஒன்று, எங்கோ கத்துகிற பெயர் தெரியாத பறவை. பெயர் யாருக்குத் தெரியாது? ஜாசின் பக்கத்து லயத்தில் வளர்ந்த பாத்திரத்துக்குத் தெரியும். பெரட்டுக்குக் கிளம்பும் இருட்டில் வீட்டுக்குப் பின்னால் சீட்டியடிப்பது முராய், தமிழில் குண்டுக்கரிச்சான். தெரியாதது எழுத்தாளருக்குத்தான். சோகத்துக்குப் பின்னணி இசை வேணும், அவ்வளவுதான்.

பெயர் தெரிந்த குயிலுக்கும் இதே கதி. பாரதியின் 'குயில் பாட்டு' தொட்டு நமக்குப் பாடுவது பெண்குயில். நிஜத்தில் குரல் ஏற ஏறக் கூவுவது கறுத்த, செங்கண் ஆண். புள்ளி போட்ட பெண் 'கிக்-கிக்' என்று படபடக்கும்.

1890களில் காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் காக்கைகளைக் கொண்டுவந்தார்கள். காக்கை பெருகியது, பெரும்பாலும் வலசை வந்துபோன குயில், அதன் கூட்டில் முட்டையிட்டு இங்கேயே தங்கிவிட்டது. தோட்டத்துக்காகக் கப்பலேறியவர்களின் கதைக்கு இவ்வளவு நெருக்கமான பறவையை நாம் காதல் காட்சிக்கு மட்டும் கூவவிடுகிறோம்.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்ல இப்போது மெர்லின் செயலி இருக்கு. ஆனால் அந்தக் குரல் கேட்டால் பால்வெட்டுக்கு நேரமாச்சு என்று எழுந்தவர் யார் என்பதைச் செயலி சொல்லாது. தோட்டம் செம்பனையாகி, லயம் காலியாகி, அவர்கள் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டார்கள். அவர்களிடம் கேட்டு எழுதுங்க. அதற்கு இன்னும் ரொம்ப காலம் இல்லை.