காரணம் சொல்லாத சோதனை

‘ரெய்டு’ என்று ஊரே சொல்லும் வருமான வரிச் சோதனைக்கு நீதிபதியின் ஆணை வேண்டியதில்லை. வருமானம் மறைக்கப்பட்டதாக நம்பக் காரணம் உண்டென்று துறையின் உயரதிகாரி எழுதிக் கையொப்பமிட்டால் போதும். பூட்டை உடைக்கலாம், கணக்கேடுகளையும் பணத்தையும் கைப்பற்றலாம், சத்தியப் பிரமாணத்தின் பேரில் வாக்குமூலம் வாங்கலாம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 132ஆவது பிரிவு வகுத்த வழி இது. 2025ஆம் ஆண்டின் புதிய சட்டமும் 247ஆவது பிரிவில் அதைத் தொடர்கிறது.

இந்த அதிகாரமே கூடாது என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இரண்டு கணக்கு எழுதுபவர், நோட்டீஸ் வந்ததும் இரண்டாவது நோட்டை எடுத்து நீட்டமாட்டார். சொல்லாமல் போனால்தான் அது அகப்படும். உள்ளூர்ச் சாட்சிகள் இருவர், பஞ்சநாமா என்னும் சோதனைப் பதிவு, கைப்பற்றியவற்றின் பட்டியல் என்று காப்புகளும் இருக்கின்றன. மணமான பெண்ணுக்கு 500 கிராம், மணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரை தங்க நகையைக் கைப்பற்ற வேண்டாம் என்ற 1994ஆம் ஆண்டு அறிவுறுத்தல், நம் குடும்பங்களில் நகை சேரும் விதத்தை அறிந்தவர் எழுதியது. வாக்குமூலத்தை வற்புறுத்தி வாங்காதீர்கள், சான்றுகளைத் திரட்டுங்கள் என்று மத்திய நேரடி வரிகள் வாரியமே 2003இல் தன் அதிகாரிகளுக்கு எழுதவேண்டி வந்தது.

என்னை உறுத்துவது, அந்தக் ‘காரணம்’ போய் ஒளிந்துகொண்ட இடம். அதை எவருக்கும், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கும்கூட, வெளியிட வேண்டியதில்லை என்றது 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டம். அதையும் 1962 ஏப்ரல் 1 முதல் முன்தேதியிட்டுச் செய்தது. மிஞ்சுவது உயர் நீதிமன்ற ரிட் மனுதான். சிறு வியாபாரி எத்தனை பேர் அந்தப் படியேறுவார்கள்? ஏறினாலும், காரணம் விஷயத்தோடு தொடர்புடையதா என்று பார்க்கலாமே தவிர, போதுமானதா என்று நீதிமன்றம் எடைபோடக் கூடாதென்று 2022இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டிவிட்டது. சோதனையே சட்டவிரோதம் என்றாலும் அதில் கிடைத்த ஆவணம் சான்றாகச் செல்லும் என்பது அதே நீதிமன்றத்தின் 1974ஆம் ஆண்டுப் பூரண் மல் தீர்ப்பு. இவையெல்லாம் ஒன்றுசேரும்போது, தவறான சோதனையால் துறைக்கு எந்த இழப்பும் நேர்வதில்லை.

முன்பு கைப்பற்றிய கணக்கேட்டில் வியாபாரம் மட்டும்தான் இருந்தது. இன்று கைப்பற்றும் கைப்பேசியில் மருத்துவ அறிக்கையும் மகளின் கடிதமும் வக்கீலோடு பேசியதும் கிடக்கின்றன. மின்னணுப் பதிவுகளைத் திறந்துகாட்ட மறுத்தால் இரண்டு ஆண்டுவரை கடுங்காவல் என்று பழைய சட்டமே சொன்னது. புதிய சட்டமோ மின்னஞ்சல், சமூக ஊடகக் கணக்கு, இணையச் சேமிப்பகம் எல்லாவற்றையும் கடவுச்சொல்லை மீறித் திறக்க இடம் தருகிறது. அந்தரங்கத்தில் அரசு தலையிட்டால் அது தேவைக்குத் தக்க அளவோடு இருக்கவேண்டும் என்றது உச்ச நீதிமன்றத்தின் 2017ஆம் ஆண்டுப் புட்டசாமி தீர்ப்பு. எதைத் தேடுகிறோம் என்று வரையறுக்காமல் கைப்பேசி முழுவதையும் படியெடுப்பது அந்த அளவுகோலின் முன் எப்படி நிற்கும்?

ஆவணங்கள் துறையின் கைக்கு வந்துசேர்ந்த பிறகும் காரணத்தை மூடிவைக்க வேண்டியதில்லை. தகவல் கொடுத்தவரை அடையாளம் காட்டும் பகுதிகளை நீக்கிவிட்டு மீதியைத் தரலாம். கைப்பேசிக்கும் கணினிக்குமாவது, எந்த ஆண்டுகளின் எந்தப் பரிவர்த்தனை என்று குறிப்பிடும் மாஜிஸ்திரேட் ஆணையைக் கட்டாயமாக்க வேண்டும். அவசரமென்றால் கருவியை முத்திரையிட்டு எடுத்துச்செல்லட்டும், ஆணை கிடைத்த பிறகு திறக்கட்டும்.