ஐந்து நிலையங்களோடு நின்றுபோன வெள்ளை வண்டி

விட்கார் என்றால் டச்சு மொழியில் வெள்ளை வண்டி. 1974 மார்ச்சில் ஆம்ஸ்டர்டாமில் ஓடத் தொடங்கிய, பலரும் பகிர்ந்து ஓட்டும் இந்த மின்சார வண்டிக்கு மூன்று சக்கரம், இரண்டே இருக்கை, சுற்றிலும் கண்ணாடி. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்தான். கால்வாயை ஒட்டிய ஒடுங்கிய தெருக்களுக்கு அது தாராளம்.

இதை உருவாக்கிய லூட் ஸ்கிமெல்பெனிங்க், 1965இல் வெள்ளை சைக்கிள் திட்டத்தை முன்வைத்தவர். பூட்டாமல் நிற்கும் சைக்கிளை யாரும் எடுத்து ஓட்டலாம், இறங்கிய இடத்தில் விட்டுப் போகலாம் என்பது அந்தத் திட்டம். பூட்டாத சைக்கிளைத் தெருவில் விடுவது சட்டவிரோதம் என்று போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. விட்காரில் அந்த வெகுளித்தனம் இல்லை. வண்டியை எடுக்க உறுப்பினரிடம் சாவி இருக்க வேண்டும். போகுமிடத்தை முதலிலேயே சொல்ல வேண்டும். அங்கே நிறுத்த இடம் காலியாக இருக்கிறதா என்று கணினி பார்த்த பிறகே வண்டி கைக்கு வரும். 1974இல் இப்படி யோசித்ததை நினைத்தால் இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

அதைவிட நான் மதிப்பது இன்னொன்றை. நிக்கல் காட்மியம் பேட்டரியால் வெகுதூரம் ஓட முடியாது. ஆனால் சில நிமிடங்களில் சார்ஜ் ஏறிவிடும். ஆகவே நிலையத்துக்கு நிலையம் சிறுபயணம், நின்ற இடத்திலேயே சார்ஜ் என்று வகுத்தார்கள். பேட்டரியின் பலவீனத்துக்குப் பயணத்தின் அமைப்பிலேயே விடை கண்டார்கள்.

அந்த விடை பலிக்க நிலையங்கள் நிறைய வேண்டும். கிடைத்தவையோ ஐந்து, வண்டிகள் சுமார் 35. ஐந்து நிலையங்களுக்கு இடையே பத்து வழித்தடங்கள்தான் அமையும். இருபத்தைந்து இருந்தால் முந்நூறு அமையும். நிலையம் ஐந்து மடங்கானால் பயன் முப்பது மடங்காகிறது. ஆயிரக்கணக்கானோர் உறுப்பினராகச் சேர்ந்தும், பெரும்பாலானோருக்குத் தாங்கள் போக வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் நிலையமே இல்லை. ஒரே திசையில் எல்லோரும் போனால் ஒரு நிலையம் காலி, இன்னொன்று நிரம்பி வழியும். இத்தனை சிறிய வலைப்பின்னலில் அதைச் சரிக்கட்ட இடமே கிடையாது. திட்டத்தை விரிவாக்க நகராட்சி கைகொடுக்கவில்லை. 1986இல் வண்டிகள் நின்றன. இதை மின்சார வண்டியின் தோல்வி என்று எழுதுபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அரைகுறையாகக் கட்டிய பாலத்தில் ஆற்றைக் கடக்க முடியாது. அதற்காகப் பாலமே வேண்டாத பொருளாகிவிடுமா?

பரப்பு மட்டும் போதும் என்றும் சொல்லிவிட முடியாது. 2011இல் பாரிஸில் தொடங்கிய ஆட்டோலிப் என்ற கார் பகிர்வுத் திட்டம் ஆயிரக்கணக்கான மின்சாரக் கார்களைத் தெருவில் இறக்கியது, நிலையங்களுக்கும் பஞ்சமில்லை. ஆனாலும் கடன் ஏறி 2018இல் மூடப்பட்டது. அதற்குள் கார்களின் அழுக்கைப் பற்றிப் புகார்கள் குவிந்துவிட்டன. விட்காரோ ஒரு கூட்டுறவுச் சங்கம். ஓட்டியவரே அதன் உறுப்பினர். ஆம்ஸ்டர்டாமிடமிருந்து பாரிஸ் எடுத்துக்கொள்ளாமல் விட்டது அதைத்தான்.