தாயின் காதலும் மகனின் பொறாமையும்

"ஒரு தாய் இப்படிச் செய்யலாமா, ஐயா?"

ஜெயகாந்தனின் 'உன்னைப்போல் ஒருவன்' குறித்து ஜார்ஜ்டவுனில் மாணவர் சிலரோடு உரையாடிக் கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுப்பிய வினா இது. உடனிருந்த ஆசிரியர் சிலரின் முகத்திலும் அவ்வினாவே தெரிந்தது. அதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறர் ஆக்கம் கண்டு மனம் புழுங்குவதை வள்ளுவர் அழுக்காறு என்றார். அதனைக் கடிய ஓர் அதிகாரமே வகுத்தார். காதலர்க்கிடையே எழும் பிணக்கை ஊடல் என்றார். அதனை இன்பமாகப் போற்றி நூலை நிறைவு செய்தார். ஆனால், தன் அன்புக்கு உரியவரைப் பிறர் பங்கிட்டுக் கொள்வாரோ என்று அஞ்சிக் குமுறும் உள்ளத்தை இவ்விரண்டனுள் எதில் அடக்குவது? அது முழுதும் அழுக்காறும் அன்று, ஊடலும் அன்று.

இவ்வுணர்ச்சி உழைப்பாளர் வாழ்வில் செய்யும் அழிவை, 1915-இல் வெளிவந்த 'அசுந்தா ஸ்பினா' என்னும் இத்தாலிய ஊமைப்படம் காட்டுகிறது. சல்வத்தோரே டி ஜாக்கோமோவின் நாடகத்தைத் தழுவிய அப்படத்தில், நேப்பிள்ஸ் நகரத்துச் சலவைத் தொழிலாளியான அசுந்தாவாகப் பிரான்செஸ்கா பெர்த்தினி நடித்தார். கசாப்புக் கடைக்காரனான அவள் காதலன், ஐயத்தால் வெறிகொண்டு அவள் கன்னத்தைக் கத்தியால் கீறுகிறான். அவனுக்காக அவள் நீதிமன்றத்தில் வாதாடுகிறாள். அவனை அயலூர்ச் சிறைக்கு அனுப்பாதிருக்கும் பொருட்டு நீதிமன்ற அலுவலன் ஒருவனுக்குத் தன்னையே கொடுக்கிறாள். விடுதலையாகி வந்த காதலன் அந்த அலுவலனைக் கொன்றுவிட, அப்பழியையும் அவளே ஏற்கிறாள். பொறாமை ஆணுடையது, தண்டனை பெண்ணுடையது.

அரை நூற்றாண்டு கழித்து, 1965-இல், ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கித் திரைப்படமாக்கினார். வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார். காந்திமதி தாயாக நடித்தார். 1964-ஆம் ஆண்டுக்கான தேசியத் திரைப்பட விருதுகளில் மூன்றாவது சிறந்த படம் என்னும் தகுதிச் சான்று இதற்குக் கிடைத்தது.

கதை எளியது. சென்னைச் சேரியொன்றில் சித்தாள் வேலை செய்யும் தங்கம், தந்தை உடனில்லாத மகன் சிட்டியைத் தனியொருத்தியாக வளர்க்கிறாள். கிளி சோதிடம் பார்க்கும் மாணிக்கத்தோடு அவளுக்கு உறவு ஏற்படுகிறது. சிட்டியால் அதைத் தாங்க இயலவில்லை. மகனின் வெறுப்பு வளர, மாணிக்கம் விலகிச் செல்கிறான். கருவுற்றிருந்த தங்கம் குழந்தையைப் பெற்று இறக்கிறாள். அக்குழந்தையைச் சிட்டி ஏற்றுக்கொள்கிறான்.

இங்கே பொறாமை கொள்பவன் காதலன் அல்லன், மகன் என்பதே ஆசிரியர் கண்ட புதுமை. இவ்வுலகில் சிட்டிக்குச் சொந்தமென்று இருந்தது தாய் ஒருத்தியே. இருந்த ஒன்றையும் இழப்போமோ என்று அஞ்சும் வறியவனின் சினம் அவனுடையது. ஆகவே அவனை நாம் வெறுப்பதில்லை. அதேபோல், நாளெல்லாம் செங்கல் சுமந்தவள் மாலையில் ஓர் அன்பான சொல்லை நாடியதையும் நாம் பழிப்பதில்லை. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இருவரையும் ஒரு குடிசையில் வைத்துவிட்டு, தீர்ப்புக் கூறாது ஒதுங்கி நிற்கிறார் ஆசிரியர். சேரிப் பேச்சு நம் மாணவர்க்கு முதலில் இடறும். ஆயினும் அப்பேச்சை நீக்கிவிட்டால் அம்மாந்தரின் தன்மானமும் உடன் போய்விடும்.

குறையும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். தங்கம் ஏன் சாக வேண்டும்? அவள் உயிரோடிருந்து, அவள் கண்ணெதிரே சிட்டி அக்குழந்தையைத் தூக்கியிருந்தால், அவன் தாயையும் முழுமையாக ஏற்றவனாவான். சாவு அந்தக் கடினமான காட்சியை எழுதாமல் தவிர்க்க உதவிவிட்டது. விரும்பிய பெண்ணை அழித்தே கதை முடிக்கும் வழக்கத்திலிருந்து, அவளுக்காகப் பரிந்து பேசிய ஜெயகாந்தனும் முற்றும் விடுபடவில்லை. இவ்விடத்தில் தங்கம் அசுந்தாவுக்குத் தங்கையே ஆகிறாள்.

எனினும் முடிவில் ஒரு வேற்றுமை உண்டு. அங்கே பொறாமை கத்தியை எடுத்தது. இங்கே குழந்தையை எடுத்தது. தான் எவ்வுறவை வெறுத்தானோ, அவ்வுறவில் பிறந்த உயிரைத் தன்னைப்போல் ஒன்றாகச் சிட்டி காண்கிறான். தலைப்பின் பொருள் அங்கேதான் விளங்குகிறது.

இனி, அந்த மாணவியின் வினாவுக்கு வருவோம். தாய் என்றதும் தியாகம் என்று எழுதவே நம் வகுப்பறைகள் பழக்கியிருக்கின்றன. தோட்டத்திலும் துறைமுகத்திலும் உழைத்துத் தேய்ந்த குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு நாம் தமிழ் கற்பிக்கிறோம். தனித்து நின்று பிள்ளை வளர்த்த தாயரை அவர்கள் அறியாதவரல்லர். அத்தாயர்க்கும் ஓர் உள்ளம் உண்டு என்று சொல்லத் தயங்குவோமாயின், இலக்கியம் கற்பித்து என்ன பயன்? "செய்யலாமா?" என்று கேட்ட மாணவி, "அவள் நிலையில் நான் இருந்தால்?" என்று கேட்கத் தொடங்கும் நாளில், இக்கதை அவளுக்கு விளங்கிவிட்டது எனக் கொள்ளலாம்.